மஞ்சள் கறையோடு வெயில் தேடிப் போன சனிக்கிழமை

யாராவது கறுப்புக் குப்பைப் பையில் துணியைப் போட்டுக் கொண்டுவந்தால் எனக்குப் பாதி உயிர் போய்விடும். உள்ளே இருப்பது எட்டு மாதம் காத்திருந்து தைத்து வாங்கிய கல்யாண கவுன் என்றால் மீதிப் பாதியும் போய்விடும். அந்தச் சனிக்கிழமை காலையில் இரண்டும் போயின.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் விடிந்ததிலிருந்து தூறல். கடைக் கதவைப் பாதி தூக்கிவிட்டு, நீராவி இஸ்திரிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. இறங்கியவருக்கு அறுபது வயது இருக்கும். பட்டு வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டியிருந்தார். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. ஹெல்மெட்டைக் கழற்றியபோது இரண்டு கன்னத்திலும் மஞ்சள்.

"தங்கச்சி, நீங்கதானே இந்த டிசைனர் துணியெல்லாம் கழுவிக் குடுக்கிறது?"

"ஆமாண்ணே. உள்ள வாங்க, நனையுறீங்க."

"நான் நனைஞ்சா பரவால்ல லா. இதப் பாருங்க."

வயிற்றோடு அணைத்துப் பிடித்திருந்த கறுப்புப் பையை என் மேசைமேல் வைத்தார்.

பிரித்ததும் எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. தந்த நிறப் பட்டு. இடுப்பிலிருந்து கொடிபோல இறங்கும் கண்ணாடி மணிகள். மூன்று நாளைக்கு முன்னால் நானே நீராவி காட்டி, வெள்ளைப் பருத்தி உறையில் போட்டு, "பிளாஸ்டிக்ல வைக்காதம்மா, பட்டுக்கு மூச்சு முட்டும்" என்று சொல்லி அனுப்பிய கவுன். வாங்கிப்போன பெண் தர்ஷினி. சுங்கை பூலோக்காரி. வங்கியில் வேலை.

"நான் அவ அப்பா, கணேசன்" என்றார் வந்தவர். "காலைல நலங்கு முடிஞ்சது. சாயங்காலம் டின்னர். நாளைக்குக் கோயில்ல தாலி. டின்னருக்குப் போடுற கவுனு இது."

இடுப்புக்கு ஒரு சாண் கீழே கறை. உள்ளங்கை அகலம். சுற்றிலும் ஈரம். நடுவில் ரத்தம் பட்டது போலச் செக்கச் செவேல்.

மூன்று விரல்

"என்ன பட்டுச்சுண்ணே?"

"மஞ்சள்தான். நலங்கு வீடு. யாரோ கைய வச்சிட்டாங்க."

"அதுக்கு மேல என்ன போட்டுத் தேச்சீங்க?"

"ஒண்ணும் போடலயே."

என் கடைக்கு வருகிற எல்லாரும் ஒன்றும் போடாதவர்கள்தான். ஆனால் துணியில் பற்பசை இருக்கும், முகப் பவுடர் இருக்கும், சோடா இருக்கும். ஒரு அம்மா எலுமிச்சம்பழம் கறையை எடுக்கும் என்று எங்கோ படித்துவிட்டு, பழம் வீட்டில் இல்லாததால் எலுமிச்சை ஊறுகாயைத் தடவிக்கொண்டு வந்தார். அவரும் முதலில் ஒன்றும் போடவில்லை என்றுதான் சொன்னார். ரவிக்கையில் கடுகு ஒட்டியிருந்தது.

கறையைவிட, கறைக்கு மேல் போட்டதை எடுப்பதுதான் பெரிய வேலை. அதனால் எதையும் முதலில் மோந்து பார்ப்பேன். அன்று துணி துவைக்கும் சவர்க்காரக் கட்டியின் வாசனை மூக்கில் ஏறியது.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. கறையின் ஓரத்தில், தேய்க்காமல் விட்டுப்போன இடத்தில், மூன்று விரல் பதிந்த மஞ்சள் தடம். தடித்த விரல்கள். நிமிர்ந்து, மேசைமேல் இருந்த அவர் கையைப் பார்த்தேன். வலது கையில் மூன்று விரல் நுனியும் நகக்கண்ணும் கவுனில் இருந்த அதே சிவப்பு.

நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது? மணி பத்தரை. ஆறு மணிக்குள் பெண் கவுனுக்குள் இருக்க வேண்டும்.

மடிப்பை எடுத்த கதை

துணியைக் கெடுத்தவர்மேல் எனக்குக் கோபம் வராது. அதற்குக் காரணம் உண்டு.

நான் எழுதும் இந்தப் பக்கத்தைப் புதிதாகப் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். சொந்தக் கடை போடுவதற்கு முன் கோலாலம்பூரில் ஒரு பெரிய ஹோட்டலின் சலவைப் பிரிவில் இருபது ஆண்டுக்கு மேல் இருந்தேன். ஜன்னல் இல்லாத அடித்தளம். வெளியே மழையா வெயிலா என்பதை மேலேயிருந்து வருகிறவர்களின் செருப்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வோம்.

சேர்ந்த புதிதில் ஒரு வெளிநாட்டு விருந்தாளியின் பாவாடை வந்தது. மெல்லிய துணி. இடுப்பிலிருந்து கால்வரை ஊசி ஊசியாக நூற்றுக்கணக்கில் மடிப்பு. அது மடிப்பு என்று எனக்குத் தெரியவில்லை. பெட்டியில் நசுங்கிப்போச்சு போல, பாவம் என்று நினைத்துவிட்டேன். இரண்டு மணி நேரம் நின்று, ஒன்று விடாமல் தேய்த்து எடுத்தேன். விரித்துப் பார்த்தால் மேசை விரிப்பு மாதிரி இருந்தது. எனக்கே பெருமை.

அந்த அம்மாள் அதைக் கட்டிலில் விரித்து வைத்துக்கொண்டு, "இது யாருடைய துணி?" என்று கேட்டாராம்.

"எங்கிட்ட வந்தப்பவே அப்டித்தான் இருந்துச்சு" என்று மூன்று நாள் சாதித்தேன். நான்காம் நாள் ஒத்துக்கொண்டேன். அன்று என்ன திட்டு வாங்கினேன் என்பது மறந்துவிட்டது. அந்த மூன்று நாள் சோறு இறங்காதது மறக்கவில்லை.

டிசைனர் உடைகளோடு பழக எனக்கு அதற்கப்புறமும் பல வருஷம் ஆயிற்று. உள்பக்கம் ஒரு குட்டி நாடாவில் கட்டளைகள் இருக்கும். தண்ணீர் கூடாது. வெளுப்புத் தூள் கூடாது. பிழியக் கூடாது. சூடு கூடாது. சிலவற்றைப் படிக்கும்போது, உடுத்தவும் கூடாது என்று அடுத்த வரி வருமோ என்று தோன்றும்.

அவசரத்தில் செய்த குங்குமம்

கணேசன் அண்ணனுக்கு நாற்காலி போட்டேன். அவர் உட்காரவில்லை.

"ரத்தம் மாதிரி ஆயிருச்சு தங்கச்சி. நல்ல நாளும் அதுவுமா. பட்டது மஞ்சள், எப்டிச் செவப்பாச்சு? யாரு கண்ணு பட்டுச்சோ. அவங்கம்மா இல்லாத வீடு வேற..."

"கண்ணும் இல்ல, ஒண்ணும் இல்லண்ணே. மஞ்சள்ல சுண்ணாம்பு சேத்தா என்ன வரும்?"

யோசித்தார். "குங்குமம்."

"சவர்க்காரத்துக்கும் அதே கொணம்தான். நீங்க அவசரத்துல குங்குமம் செஞ்சிட்டீங்க. அவ்வளவுதான்."

'நீங்க' என்று நான் சொன்னதை அவர் கவனிக்கவில்லை. கவனித்தும் விட்டிருக்கலாம்.

வினிகரில் நிறையத் தண்ணீர் கலந்து, உள் தையலில் யார் கண்ணுக்கும் தெரியாத இடத்தில் முதலில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். பட்டு ஏற்றுக்கொண்டது. கறைக்கு அடியில் வெள்ளைத் துணியை மடித்து வைத்து, பஞ்சை நனைத்து ஒற்றினேன். தேய்க்கவில்லை. பட்டைத் தேய்த்தால் அதன் மினுமினுப்பு செத்துவிடும். ஒற்ற ஒற்ற, சிவப்பு கண்ணெதிரே பின்வாங்கி மஞ்சளாயிற்று.

"ஐயோ!" என்று கணேசன் அண்ணன் மேசையைப் பிடித்துக்கொண்டார். அதற்கப்புறம்தான் உட்கார்ந்தார்.

சிவப்பு போனது, மஞ்சள் நின்றது. ஊசி போடுவதற்கு முன் கையில் தடவுவார்களே, அந்த ஸ்பிரிட்டால் ஒற்றினேன். பாதி மஞ்சள் பஞ்சுக்கு ஏறி வந்துவிட்டது. மீதிப் பாதி, கண்ணாடி மணிக் கொடிக்கு ஒட்டினாற்போல இருந்தது. அந்த மணிகளைத் தைக்கவில்லை, பசையால் ஒட்டியிருந்தார்கள். ஸ்பிரிட் பட்டால் பசை இளகிக் கொடியே கையோடு வந்துவிடும். எட்டு மாதம் காத்திருந்து வாங்கியதில் பசை! பெரிய பெயர் எடுத்தவர்களும் இதைச் செய்கிறார்கள். மணிகளைத் தடவிப் பார்க்காமல் நான் இப்போது எந்தத் துணியையும் வாங்கி வைப்பதில்லை.

மிச்சத்துக்கு ஒரே மருந்துதான். வெயில். மஞ்சள் எவ்வளவு பிடிவாதமான கறையோ, அவ்வளவு வெயிலுக்குப் பயப்படும். ஈரமாக வைத்து நல்ல வெயிலில் இரண்டு மூன்று மணி நேரம் காட்டினால் தானாக வெளிறிவிடும்.

வாசலுக்குப் போய் எட்டிப் பார்த்தேன். தூறல் நல்ல மழையாகியிருந்தது.

"மண்ட பொளக்குது லா"

செராஸில் இருக்கும் என் தோழிக்குப் போன் போட்டேன். "இங்க கொட்டுது" என்றாள். மஸ்ஜித் இந்தியா தெருவில் நான் நூல் வாங்கும் கடைக்காரருக்குப் போட்டேன். "காலைலேர்ந்து குடைதான் தங்கச்சி விக்கிறேன்" என்றார். கடைசியாகக் கிள்ளானில் ஜவுளிக் கடையில் வேலை பார்க்கும் என் தங்கை செல்விக்கு.

"அங்க வெயிலாடி?"

"வெயிலா? மண்ட பொளக்குது லா. ஏன்?"

"வரேன்."

துணி மாட்டும் சக்கரக் கம்பியை என் பழைய வேனில் ஏற்றினேன். பின்னால் வெள்ளைப் போர்வை விரித்து, அதில் கவுனைக் கிடத்தினேன். அதற்குப் பக்கத்தில் கணேசன் அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பிரசவ வார்டுக்குக் குழந்தை பார்க்க வந்த ஆண்கள் அப்படித்தான் உட்காருவார்கள்.

ஃபெடரல் நெடுஞ்சாலையில் கண்ணாடி துடைப்பான் ஓயவில்லை. சுபாங்கைத் தாண்டியதும் மழை மெலிந்தது. ஷா ஆலமில் சாலை காய்ந்து கிடந்தது. வெயிலைப் பார்த்து நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதே இல்லை.

வழியில் அவர் தானாகவே பேசினார். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாராம். தர்ஷினி இரண்டாம் வகுப்பு படித்தபோது மனைவி இறந்துவிட்டார். அதிலிருந்து சமையல், சடை பின்னல், துவைப்பு எல்லாம் இவர்தான்.

"அவ ஸ்கூல் பிளவுஸ் மாதிரி வெள்ள அந்த ஸ்கூல்லயே கெடயாது தங்கச்சி. டீச்சரே கேட்டாங்க, என்ன போடுறீங்கன்னு. சாதாரணச் சவர்க்காரக் கட்டிதான். அதுல போகாத கறையே..."

பாதியில் நிறுத்திவிட்டார். கண்ணாடியில் பார்த்தேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

மேல் தளம்

செல்வி வீட்டு முற்றம் முழுக்கக் கூரை. அதனால் அவள் கடைக்குப் பின்னால் இருக்கும் அடுக்குமாடிக் கார் நிறுத்தத்தின் உச்சித் தளத்தைக் காட்டினாள். மேலே வானத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. தரையில் கால் வைக்க முடியாத சூடு.

கம்பியை நிறுத்தி, காற்றில் உருளாமல் வேனோடு கட்டி, கவுனை மாட்டினேன். பட்டை நேர் வெயிலில் விட்டால் அதுவே பழுத்துவிடும். அதனால் முழுவதும் வெள்ளைத் துணியால் மூடினேன். கறை இருக்கும் இடத்தில் மட்டும், நடுவில் ஓட்டை வெட்டிய தலையணை உறை. பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை அந்த ஓட்டையில் தண்ணீர் தெளிக்க வேண்டும். தெளிப்பான் புட்டியைக் கணேசன் அண்ணனிடம் கொடுத்தேன்.

ஐந்து நிமிஷம் ஆகவில்லை, கீழே காவலுக்கு இருந்த ஜாகா வந்துவிட்டார். வெள்ளைத் தாடி வைத்த மலாய்க்காரர்.

"காக்காக், சினி தாக் போலே ஜெமூர் காயின்!" இங்கே துணி காயப்போடக் கூடாதாம்.

"பாஜு பெங்கந்தின், பக்சிக். மாலாம் இனி" என்றேன். மணப்பெண் உடுப்பு, இன்று ராத்திரிக்கு.

அவர் கவுனைப் பார்த்தார். பட்டு வேட்டியில் புட்டியோடு நின்றவரைப் பார்த்தார். திரும்பி இறங்கிப் போனார். போலீஸைக் கூட்டி வரப்போகிறார் என்று நினைத்தேன். இரண்டு கையிலும் ஆரஞ்சு நிறக் கூம்புகளோடு திரும்பி வந்து, வேறு கார் வராதபடி எங்களைச் சுற்றி வைத்தார். பிறகு வானத்தை அண்ணாந்து பார்த்து, நாலு மணிக்கு மழை வரும் என்று மலாயில் சொல்லிவிட்டுப் போனார்.

ஸ்பீக்கரில் வந்த குரல்

ஒரு மணி இருக்கும். தர்ஷினி என்னைக் கூப்பிட்டாள். கை ஈரம் என்பதால் போனை வேன் மூக்கில் வைத்து ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஆன்டி, போகுமா?"

"போய்க்கிட்டே இருக்கும்மா. பாதிக்கு மேல போயிருச்சு."

"யாரு பண்ணதுன்னு எனக்குத் தெரியும் ஆன்டி. மாப்பிள்ளையோட அக்காதான். காலைல நலங்குக்கு வந்தவங்க கவுன் இருந்த ரூமுக்குள்ள போனாங்க. நம்ம ஆளுங்களுக்கு எதுக்கு இந்த வெள்ளக்காரன் உடுப்புன்னு வேற கேட்டாங்க. வேணும்னே பண்ணியிருக்காங்க. நான் இப்பவே அவருக்குக் கால் பண்ணிச் சொல்லப்போறேன். இன்னிக்கு வாய மூடிக்கிட்டிருந்தா அப்புறம் காலம் முழுக்க மூடிக்கிட்டிருக்கணும்."

கணேசன் அண்ணன் மூன்றடி தள்ளி நின்றிருந்தார். நான் அவரைப் பார்த்தேன். நானே சொல்லியிருக்கலாம். ஆனால் அது நான் சொல்ல வேண்டியதில்லை என்று பட்டது.

அவர் புட்டியைத் தரையில் வைத்துவிட்டுப் போனுக்குப் பக்கத்தில் வந்தார்.

"தர்ஷி."

"அப்பா? நீங்களும் அங்கதான் இருக்கீங்களா?"

"அந்தப் பொண்ணு தொடலம்மா. அப்பாதான்."

கீழே தெருவில் ஒரு லோரி ஹாரன் அடித்தது.

"என்னப்பா சொல்றீங்க?"

"எல்லாரும் சாப்பிடப் போனப்ப உள்ள போனேன். இதப் போட்டா நீ எப்டி இருப்பன்னு கொஞ்சம் தூக்கிப் பாத்தேன். கையில மஞ்சள் இருந்தது நெனப்பே இல்லம்மா. அப்புறம் பாத்ரூமுக்குத் தூக்கிட்டுப் போயி சவர்க்காரம் போட்டேன். உன் ஸ்கூல் பிளவுஸ்ல போற மாதிரி போயிரும்னு நெனச்சேன்."

"நான் அழுதப்ப பக்கத்துலதானே நின்னீங்க?"

"ஆமா."

"யாரோ தொட்டுட்டாங்கன்னு சொன்னீங்க."

"பயந்துட்டேம்மா."

லைன் துண்டிக்கப்பட்டது.

அவர் போனையே பார்த்துக்கொண்டு நின்றார். "இனிமே பேச மாட்டா. கோவம் வந்தா பேச மாட்டா" என்றார்.

"தண்ணி காயுதுண்ணே. அடிங்க."

புட்டியை எடுத்து அடித்தார். செல்வி மூன்று சோற்றுப் பொட்டலம் கொண்டுவந்தாள். நாங்கள் இருவரும் வேன் நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அவர் வரவில்லை. தன் நிழல் கவுன்மேல் விழாதபடி நின்றுகொண்டு, வெயில் நகர நகர அவரும் நகர்ந்தார். குடை கொடுத்தேன். வேண்டாம் என்றுவிட்டார்.

இரண்டு மணிக்கு மஞ்சள் எலுமிச்சை நிறமாயிற்று. மூன்று மணிக்கு வெண்ணெய் நிறம். மூன்றரைக்குத் தலையணை உறையை எடுத்துவிட்டுப் பார்த்தேன். கறை எங்கே இருந்தது என்று தெரிந்தவருக்கு மட்டும், மடிப்பின் நிழல் போல ஏதோ ஒன்று. தெரியாதவருக்கு ஒன்றுமே இல்லை.

மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. ஜாகா மேலே ஓடி வந்து கம்பியைத் தூக்கிவிட்டார். வேன் கதவைச் சாத்தும்போது முதல் சொட்டு என் கையில் விழுந்தது. அவர் கூம்புகளைப் பொறுக்கிக்கொண்டே "செலாமாட்!" என்று கத்தி வாழ்த்தினார்.

முப்பது சொச்சம் பட்டன்

விருந்து பெட்டாலிங் ஜெயாவில் ஒரு மண்டபத்தில். ஐந்து மணிக்குப் போய்ச் சேர்ந்தோம்.

"நீங்க கொண்டுபோய்க் குடுத்துருங்க தங்கச்சி. நான் கீழ சாப்பாட்டு வேலய பாக்குறேன்" என்றார் கணேசன் அண்ணன்.

"இத நான் ஒருத்தி தூக்க முடியாதுண்ணே" என்றேன். கவுன் ஒரு குழந்தையின் கனம்கூட இல்லை. அவருக்கும் அது தெரியும். ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு மாடியேறினார்.

மணப்பெண் அறைக் கதவைத் தர்ஷினியே திறந்தாள். தலை நிறையப் பூ, முழு ஒப்பனை, உடம்பில் பழைய டீ-சட்டை, கைலி. கண் மையை இரண்டு தடவை அழித்துப் போட்டோம் என்று ஒப்பனைக்காரப் பெண் உள்ளேயிருந்து புகார் சொன்னாள்.

கவுனை வெளிச்சத்தில் பிடித்துத் தேடினாள். "எங்க ஆன்டி?"

"நானும் அதத்தான் தேடிக்கிட்டிருக்கேன்."

அவள் சிரிக்கவில்லை. என் தோளுக்கு மேலாக, நடைபாதைச் சுவரில் சாய்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்த அப்பாவை ஒரு விநாடி பார்த்தாள். கவுனோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நான் அங்கேயே நின்றேன். அந்தக் கவுனின் முதுகில் ஜிப் கிடையாது. துணி சுற்றிய குட்டிப் பட்டன்கள், மிளகு அளவு, முப்பது சொச்சம். ஒவ்வொன்றையும் ஒரு நூல் வளையத்துக்குள் நுழைக்க வேண்டும். ஒப்பனைக்காரப் பெண்ணின் நீள நகத்துக்கு அது பிடிபடவில்லை என்று உள்ளே கேட்ட சத்தத்திலிருந்து தெரிந்தது. நான் பையிலிருந்து பட்டன் மாட்டும் கொக்கியை எடுத்துக்கொண்டு கதவைத் தட்டப்போனேன்.

கதவு திறந்தது. கவுனின் முன்பக்கத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு தர்ஷினி தலையை நீட்டினாள்.

"அப்பா, வாங்க. பட்டன் போடணும்."

"நானாம்மா? தங்கச்சி இருக்காங்களே..."

"அவங்க காலைலேர்ந்து நிக்கிறாங்க. நீங்க கையக் கழுவிட்டு வாங்க."

நடைபாதைக் கோடியில் இருந்த குழாயில் அவர் கை கழுவினார். முழங்கைவரை கழுவினார். என் கைக்குட்டையை வாங்கித் துடைத்தார், கொக்கியை வாங்கிக்கொண்டார், உள்ளே போனார்.

கதவைச் சாத்த யாருக்கும் நினைவில்லை. அவர் ஒரு குட்டி முக்காலியில் உட்கார்ந்து கண்ணாடி போட்டுக்கொண்டார். மகள் முதுகைக் காட்டி நின்றாள். முதல் பட்டன் மூன்று முறை நழுவியது. நாலாவது தடவை நுழைந்தது.

"மாப்பிள்ளைக்குக் கால் பண்ணிட்டியாம்மா?" என்றார் தலை நிமிராமல்.

"இல்லப்பா. பண்ணல."

இரண்டாவது பட்டன். மூன்றாவது. கீழே நாதஸ்வரம் ஆரம்பித்துவிட்டது. விருந்தாளிகள் வருகிறார்கள் என்று யாரோ மாடிப்படியில் குரல் கொடுத்தார்கள்.

"இறுக்கமா இருக்கா?"

"இல்லப்பா. மெதுவாப் போடுங்க. டைம் இருக்கு."